ஓட்டைக் குடத்து வெண்டைச் செடி

போர்வைய இழுத்துக்கோ. காலை நீட்டு. ஆங், அப்பிடித்தான். நான் சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். ம் சத்தம் நின்னுச்சுன்னா நீ தூங்கிட்டன்னு நெனச்சு நானும் நிறுத்திருவேன்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு செடி கிடையாது, ஒரு கொடி கிடையாது. அது உப்பு வெளையுற ஊரு. கடல் தண்ணியப் பாத்தி பாத்தியாக் கட்டி வெப்பாங்க. வெயில் அடிச்சு அடிச்சுத் தண்ணியெல்லாம் வத்திரும், அடியில வெள்ளை வெளேர்னு உப்பு நிக்கும். அங்க காத்து அடிச்சாக்கூட உதட்டுல கரிக்கும். கதவைத் திறந்தா கீல் துருப்பிடிச்சுப்போயி கிர்ர்ர்னு கத்தும். ஊரோரமா நாலு உடைமரம் நிக்கும். அதுலயும் இலையைவிட முள்ளுதான் ஜாஸ்தி.

அந்த ஊர்ல லிங்கதுரைன்னு ஒருத்தன் இருந்தான். உப்பு வார்ற வேலை. விடியமுன்ன உப்பளத்துக்குப் போயிருவான். நீளக் கம்புல பலகை மாட்டி, பாத்தியில இருந்து சரக் சரக்னு உப்பை இழுத்து வரப்புல குவிப்பான். வெயில் ஏற ஏற உப்பு பளபளன்னு கண்ணக் குத்தும். வீட்டுக்கு வந்தா சாயங்காலம் வரைக்கும் கண்ணுல தண்ணி வடிஞ்சுக்கிட்டே இருக்கும்.

அவன் பொண்டாட்டி பேரு பூங்கனி. நல்ல வாயாடி. அவன் பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவான், மிச்ச ஒம்பதையும் இவளே பேசிருவா. அப்புறம் என்னாச்சு, பூங்கனி வயித்துல ஒரு பாப்பா வந்துச்சு.

ம்.

வயித்துல பாப்பா வந்தா மொதல்ல சில பேருக்குச் சாப்பாடு பிடிக்காது. பூங்கனிக்கும் பிடிக்கல. சோத்தைக் கண்டா உவ்வே. மீனைக் கண்டா உவ்வே. காப்பி வாசம் வந்தாலே வெளிய ஓடிருவா. பேசிக்கிட்டே இருந்தவ, பேச்சும் குறைஞ்சுபோச்சு. அப்போ ஒருநாள் லிங்கதுரை பக்கத்துல உக்காந்து கேட்டான்.

"உனக்கு என்னதான் புள்ள வேணும்? வாய்விட்டுச் சொல்லு."

அவ சொன்னா, "பிஞ்சு வெண்டைக்காய் வேணும். சமைக்க வேண்டாம். செடியில இருந்து அப்பிடியே டக்குன்னு ஒடிச்சு, மொறுக்குன்னு கடிக்கணும்."

பச்சையாவா?

ஆமா கண்ணு, பச்சையாத்தான். ரொம்பப் பிஞ்சா இருந்தா பச்சையாத் திங்கலாம்.

அந்த ஊருக்குக் காய்கறி எப்பவாவது ஒரு வண்டியிலதான் வரும். வண்டி வந்து சேர்றதுக்குள்ள வெயில் தின்னுரும். கீரை தலை தொங்கிப்போயி நிக்கும், கத்திரிக்காய் சுருங்கிப்போயி கிடக்கும். லிங்கதுரை கூடையில தேடித் தேடி, இருக்குறதுலயே சின்ன வெண்டைக்காயாப் பாத்து எடுத்துட்டு வந்தான். பூங்கனி நுனிய ஒடிச்சுப் பாத்தா. ஒடியல. ரப்பர் மாதிரி வளைஞ்சுச்சு.

"பரவாயில்லங்க, குழம்புல போட்டுருவோம்"னு சொல்லிட்டா. ஆனா முகம் வாடிப்போச்சு. லிங்கதுரைக்கு அந்த முகத்தைப் பாக்க முடியல.

அடுத்த தடவை வண்டி வந்தப்போ வண்டிக்காரர்கிட்ட போயி நின்னான். "அண்ணாச்சி, வெண்டைக்கு விதை கிடைக்குமா?"

"உங்க ஊர்லயா போடப்போற?" அவர் சிரிச்சுட்டாரு. ஆனாலும் மறக்கல. மறுபடி வந்தப்போ, செடியிலயே முத்திக் காஞ்ச வெண்டைக்காய் ஒண்ணு கொண்டாந்து குடுத்தாரு. அதைக் காதுகிட்ட வெச்சு ஆட்டுனா கலகல கலகலன்னு சத்தம். உள்ள மிளகு மாதிரி குட்டிக் குட்டியா விதை.

ம்.

மொத தடவை, வீட்டு வாசல்லயே ஒரு குழி தோண்டிப் போட்டான். தண்ணி ஊத்துனான். அளத்துக்குப் போறப்போ ஒரு தடவை எட்டிப் பாப்பான், வந்ததும் ஒரு தடவை எட்டிப் பாப்பான். ஒண்ணும் வரல. ஒருநாள் அந்த மண்ணைக் கொஞ்சம் கிள்ளி நாக்குல வெச்சுப் பாத்தான். கரிச்சுச்சு. த்தூன்னு துப்பிட்டு, அங்கயே குத்தவெச்சு உக்காந்துட்டான்.

பூங்கனி உள்ள இருந்து கேட்டா, "என்னங்க, மண்ணையா திங்குதிய? மசக்கை எனக்கா உங்களுக்கா?"

அவனுக்கும் சிரிப்பு வந்துருச்சு.

அப்புறம் அவன் சைக்கிளை எடுத்துக்கிட்டு மேற்கால போனான். ரொம்ப தூரம் போனா ஒரு கண்மாய் இருக்கு. தண்ணி வத்திக் கிடந்துச்சு. அடியில கருகருன்னு வண்டல் மண்ணு. ஒரு சாக்கு நிறைய அள்ளி, ஆடு மேய்க்குறவங்ககிட்ட கேட்டு ஆட்டுப் புழுக்கையும் வாங்கிப் போட்டு, சைக்கிள் பின்னால கட்டி, மிதிக்க முடியாம மிதிச்சு வந்து சேந்தான். மண்ணு போடத் தொட்டி வேணுமே? அது தண்ணிக் கஷ்டம் உள்ள தெரு. எல்லா வீட்டுலயும் பிளாஸ்டிக் குடம், அதுல பாதி ஓட்டைக் குடம். ஒரு ஓட்டைக் குடத்தோட கழுத்தை அறுத்து எடுத்தான். மண்ணை நிரப்புனான். ரெண்டாவது தடவையா விதை போட்டான்.

அப்போ ஒருநாள் காலையில பூங்கனி வந்து எழுப்புறா. "எந்திரிங்க. வந்து பாருங்க. சத்தம் போடாம வாங்க."

சத்தம் போட்டா ஓடிருமா என்ன? ஆனா அவனும் பூனை மாதிரி அடி வெச்சுத்தான் போனான். மண்ணு லேசா விரிசல் விட்டு, அதுக்குள்ள இருந்து ஒரு முளை, முதுகை வளைச்சுக்கிட்டு வெளிய வருது. மறுநாள் நிமிந்து, ரெண்டு இலைய விரிச்சிருச்சு. கைக்குழந்தையோட உள்ளங்கை மாதிரி அம்புட்டு மெத்துன்னு இருக்கு. லிங்கதுரை ஒரு விரலால அதைத் தொட்டுப் பாத்தான். அவன் விரலு உப்புல ஊறி வெடிச்சுப்போன விரலு. அது பட்டா இலை நொந்துரும்னு பயந்து உடனே கையை எடுத்துக்கிட்டான். அன்னைக்கு அளத்துல அவனுக்கு வெயிலே தெரியல. எப்போ வீட்டுக்குப் போவோம், எப்போ பாப்போம்னு இருந்துச்சு.

ம்.

ஓட்டமும் நடையுமா வந்தான். வந்து பாத்தா, கொக் கொக் கொக். பக்கத்து வீட்டுக் கோழி குடத்து மேல ஏறி நின்னு, பரட் பரட்னு மண்ணைச் சீய்ச்சுக்கிட்டு நிக்குது. முளையும் இல்ல, இலையும் இல்ல.

அச்சச்சோ.

அச்சச்சோதான். பக்கத்து வீட்டுல சந்தனமாரி அக்கான்னு ஒருத்தி. தனியா இருப்பா, கோழி வளப்பா. மனசுல ஒண்ணும் கிடையாது, வாய் மட்டும் பனங்கருக்கு மாதிரி அறுக்கும். பூங்கனி சுவர் மேல எட்டிப் பாத்து, "உங்க கோழியக் கட்டி வெச்சா என்னக்கா?"ன்னு கேட்டா. பாதி கேக்குறதுக்குள்ள அழுதுட்டா.

"கோழிக்கு என்ன தெரியும், இது உங்க செடி அது எங்க செடின்னு? மனுசன் குடிக்கவே லாரித் தண்ணி. இதுல வெண்டைக்காய்க்கு வேற ஊத்துதியளாக்கும்." சொல்லிட்டு சந்தனமாரி உள்ள போயிட்டா.

லிங்கதுரை கலைஞ்ச மண்ணை அள்ளிக் குடத்துக்குள்ள போட்டான். காஞ்ச காயை எடுத்து ஆட்டிப் பாத்தான். கலகலன்னு சத்தம் வரல. லொட லொடன்னு கொஞ்சந்தான் வந்துச்சு. கடைசியா மிச்சம் இருந்தது அம்புட்டுதான்.

மூணாவது தடவை ரெண்டு குடத்துல போட்டான். சுத்தி உடைமுள்ளை வெட்டியாந்து அடைச்சான். முளை வந்துச்சு. ரெண்டு இலை நாலாச்சு, நாலு ஆறாச்சு. கோழி வந்து பாத்துச்சு, முள்ளு குத்துச்சு, கொக்குன்னு கத்திட்டுப் போயிருச்சு.

இப்போ புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் அதே பேச்சுதான். "இந்த இலை நேத்து இல்லையே?" "இருந்துச்சு, சுருண்டு இருந்துச்சு, இப்போ விரிஞ்சிருக்கு." பூங்கனி அரிசி கழுவுன தண்ணிய ஒரு சொட்டுக் கீழ விடமாட்டா. கையைக் கழுவுனாக்கூட குடத்துக்கு மேல கையை நீட்டித்தான் கழுவுவா. லிங்கதுரை இலைக்கு அடியில பூச்சி இருக்கான்னு குனிஞ்சு குனிஞ்சு பாப்பான். அம்புட்டு வருசம் பேசாத மனுசன், சாப்புடுறப்போ தானா வாயைத் திறந்து, "நாளைக்குப் புதுசா ஒரு இலை வரும்னு நெனைக்கேன்"னு சொன்னான். பூங்கனி சோத்தை விட்டுட்டு அவனையே பாத்தா.

ம்ம்.

அப்போ பாத்து தண்ணி லாரி வரல. இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு தெருவே குடத்தை வரிசையில வெச்சிருக்கு. வரல. வீட்டுல குடிக்க மட்டும் கொஞ்சம் இருந்துச்சு. அரிசி கழுவக்கூட அளந்து அளந்துதான். வெயில்ல ஒரு செடி பொசுக்குன்னு சாஞ்சுபோச்சு. எழுந்திரிக்கவே இல்ல. இன்னொண்ணு தலையைத் தொங்கப்போட்டு நிக்குது. லிங்கதுரை அளத்துல குடிக்கக் கொண்டுபோற தண்ணியில பாதியக் குடிக்காம வெச்சிருந்து கொண்டுவந்து ஊத்துனான். அது அந்த மண்ணுக்கு எம்மாத்திரம்?

அன்னைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கை வந்துச்சு. கையில ஒரு சட்டி. சட்டியில அரிசி கழுவுன தண்ணி.

"கோழிக்கு வெச்சது. மிச்சம். கீழ ஊத்துறதுக்கு உங்க செடிக்கு ஊத்துங்க." சந்தனமாரிதான். முகத்தைக் காட்டல, கையை மட்டுந்தான் காட்டுனா.

அப்புறம் லாரி வர்ற வரைக்கும் தினமும் அந்தக் கை வந்துச்சு. கோழிக்கு மிச்சம், கோழிக்கு மிச்சம்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு. செடி தலையைத் தூக்கிருச்சு. இலைக்கு நடுவுல கூர்மையா, குட்டியா ஒரு மொட்டு.

ம்...

தூக்கம் வருதா? இன்னும் கொஞ்சந்தான்.

மொட்டு வெச்ச அன்னைக்கே பூங்கனிக்குக் கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. தலை கிர்ருன்னு சுத்துச்சு. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா பாத்துட்டு, பாப்பா பொறக்குற வரைக்கும் இங்கயே படுத்துத்தான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. பூங்கனி கட்டில்ல படுத்துக்கிட்டு, அவன் சட்டைய இழுத்துப் பிடிச்சுக்கிட்டா.

"அதுக்குத் தண்ணி ஊத்துவியல்லா?"

"ஊத்துவேன்."

"பூத்தா வந்து சொல்லணும்."

"சொல்லுதேன்."

அங்க போயும் அவ சரியாச் சாப்பிடல. கஞ்சி குடுத்தா ரெண்டு வாய். ரொட்டி குடுத்தா ஒரு கடி. நர்ஸம்மா லிங்கதுரையத் தனியாக் கூப்பிட்டு, "உடம்புல தெம்பே இல்லய்யா. இப்பிடியே இருந்தா புள்ளைக்கு ஆகாது. எப்பிடியாவது நாலு வாய் சாப்பிட வை"ன்னு சொன்னாங்க. அவனுக்கு பஸ்ல வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அழுகை. யாரும் பாக்காம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

வீட்டுக்கு வந்து பாத்தா செடி பூத்திருக்கு. இளமஞ்சப் பூ, நடுவுல அரக்குச் சிவப்பு. பூ ஒருநாள்தான் இருந்துச்சு. உதுந்த எடத்துல ஒரு பிஞ்சு வந்துச்சு. அடுத்து இன்னொண்ணு. அப்புறம் ஒண்ணு. பச்சை விரலு மாதிரி, வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது.

லிங்கதுரை கத்தியை எடுத்தான். பிஞ்சுகிட்ட கொண்டுபோனான். கை நின்னுபோச்சு.

சுவருக்கு மேல சந்தனமாரி முகம் தெரிஞ்சுச்சு. "வெட்டிக் கொண்டுபோகப் போறியாக்கும்? பஸ்ல போயிச் சேர்றதுக்குள்ள வளைஞ்சு நெளிஞ்சுரும். அவ கேட்டது அதுவா?"

"வேற என்னக்கா செய்ய?"

"செடியோட தூக்கிட்டுப் போ."

அவன் அவளைப் பாத்தான். அவ வெளையாட்டுக்குச் சொல்லல. உள்ள போயி ஒரு பழைய சேலைய எடுத்துட்டு வந்தா. குடத்தைச் சுத்தி இறுக்கிக் கட்டுனா. மண்ணு சிந்தாம, செடி ஆடாம, புள்ளையச் சுத்துற மாதிரி சுத்திக் குடுத்தா.

ம்...

லிங்கதுரை அதை இடுப்புல வெச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நின்னான். மொத பஸ்ஸு வந்துச்சு, அவனையும் செடியையும் பாத்துச்சு, சர்ருன்னு போயே போச்சு. ரெண்டாவது பஸ்ஸு நின்னுச்சு. ஏறுனா கூட்டம். ஒருத்தர் முழங்கை இந்தப் பக்கம் இடிக்குது, ஒருத்தர் பை அந்தப் பக்கம் இடிக்குது. கண்டக்டர் பாத்துட்டு, "இது எங்கய்யா போகுது?"ன்னு கேட்டாரு.

"ஆஸ்பத்திரிக்கு."

"செடிக்கு என்ன சீக்கு?"

"செடிக்கு ஒண்ணும் இல்ல. எம் பொண்டாட்டி அங்க இருக்கா. இதுல காய் ஒடிச்சுத் திங்கணும்னு ஆசைப்பட்டா. மாசமா இருக்கா."

கண்டக்டர் முன்னால திரும்பி, "யாராவது ஒரு சீட்டு குடுங்க, புள்ளைத்தாச்சிக்குக் காய் போகுது"ன்னு சொன்னாரு. ஒரு காலேஜ் பொண்ணு எந்திரிச்சா. அவன் உக்காந்து குடத்தை மடியில வெச்சுக்கிட்டான். ஜன்னல் காத்து பட் பட்னு இலையில அடிச்சுச்சு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து மறைச்சுக்கிட்டான். டவுன் வர்ற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்ல. கை மரத்துப்போச்சு.

ஆஸ்பத்திரி வாசல்ல வாட்ச்மேன் தாத்தா நிறுத்திட்டாரு. "மண்ணோட உள்ள போகக் கூடாது. பச்சப் புள்ளைங்க இருக்குற எடம்."

"வெளிய இருந்து பாக்கலாமா?"

தாத்தா செடியப் பாத்தாரு, அவன் முகத்தைப் பாத்தாரு. "அந்தப் பக்கம் சுத்திப் போ. வேப்பமரத்துகிட்ட ஜன்னல் இருக்கு. அதுதான் பொம்பளைங்க வார்டு."

லிங்கதுரை சுத்திப் போனான். ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, குடத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "ஏ புள்ள"ன்னு கூப்பிட்டான்.

உள்ள கட்டில்ல இருந்து பூங்கனி திரும்பிப் பாத்தா. ஜன்னல் கம்பிக்கு வெளிய ஒரு வெண்டைச் செடி நிக்குது. இலை ஆடுது. மொதல்ல கனவுன்னு நெனச்சுக்கிட்டா. மெதுவா எந்திரிச்சு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. கம்பிக்கு வெளிய கையை விட்டா. காயைத் தொட்டா. மேல சுணை இருந்துச்சு, விரல்ல லேசாக் குத்துச்சு. வளைச்சா.

டக்.

அந்தச் சத்தம் கீழ நின்ன லிங்கதுரைக்குக் கேட்டுச்சு.

பின்னால நர்ஸம்மா வந்து நின்னாங்க. "என்ன நடக்குது இங்க?" பூங்கனி பயந்துபோயி காயைக் காட்டுனா. நர்ஸம்மா அதை வாங்கி, குழாயில நல்லாக் கழுவி, திருப்பி அவ கையில குடுத்தாங்க. "ம், சாப்பிடு."

மொறுக். மொறுக். மொறுக்.

பக்கத்துக் கட்டில் பொம்பளைங்கெல்லாம் ஜன்னலுக்கு வந்துட்டாங்க. "நீங்களே போட்டதா? குடத்துலயா?" பூங்கனி வாய் நிறைய மென்னுக்கிட்டே பேசுனா. மொத விதை முளைக்காதது, கோழி சீய்ச்சது, லாரி வராதது, சந்தனமாரி அக்கா கை, எல்லாத்தையும் பேசுனா. பேசிக்கிட்டே ரெண்டாவது காயை ஒடிச்சா. நர்ஸம்மா கஞ்சித் தம்ளரைக் கையில திணிச்சாங்க. பேச்சு சுவாரசியத்துல அதையும் குடிச்சு முடிச்சுட்டா.

மூணாவது காயை ஒடிக்கல. "அது நம்ம அக்காவுக்கு"ன்னு சொல்லிட்டா.

லிங்கதுரைக்குக் கை வலி தாங்கல. ஆனா குடத்தை இறக்கவே இல்ல.

கேக்குறியா?

...ம்.

அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிட்டா. பாப்பா பொறந்துச்சு. பொண்ணு. சின்னதாத்தான் இருந்துச்சு, ஆனா குரல் அம்மா குரலு, வார்டே எழுந்திரிக்கிற மாதிரி ங்கா ங்கான்னு. கொஞ்ச நாள்ல மூணு பேரும் வீடு வந்து சேந்தாங்க. வாசல்ல வந்து பாத்தா பூங்கனிக்கு அடையாளமே தெரியல. அவ இல்லாத நாள்ல லிங்கதுரை செஞ்ச வேலை, சுவரோரமா வரிசையா ஓட்டைக் குடம். ஒண்ணுல கத்திரி, ஒண்ணுல தக்காளி, ஒண்ணுல கொத்தவரை, இன்னும் என்னென்னமோ. சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு குடம் இருந்துச்சு. அதைச் சுத்தி முள்ளு அடைச்சிருந்துச்சு. சந்தனமாரி அவ கோழிகிட்ட இருந்தே அவ செடியக் காப்பாத்திக்கிட்டு இருந்தா.

ஒருநாள் சாயங்காலம் பாப்பாவத் தூங்க வெச்சுட்டு பூங்கனி வெளிய வந்தா. லிங்கதுரை அளத்துல இருந்து வந்து, கால்கூடக் கழுவாம, முட்டி வரைக்கும் உப்போட, கத்திரிச் செடி முன்னால குத்தவெச்சு உக்காந்திருந்தான். காய் ஒண்ணும் பறிக்கல. தண்ணியும் ஊத்தல.

"என்ன செய்யுதிய அங்க?"

"ஒண்ணும் இல்ல. சும்மா பாக்குதேன்."

அவ போயி அவன் பக்கத்துல உக்காந்தா. ஊதாப் பூ ஒண்ணு மெதுவா ஆடிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் பேசாம அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

...

ம் எங்க? ம் போயிருச்சா. சரி. கதையும் அங்கயே உக்காந்துக்கிச்சு, நீயும் தூங்கிட்ட. தூங்கு, கண்ணு.